மூன்று கொட்டேஷனில் ஒரு கம்ப்யூட்டர்

1996

பிப்ரவரி 6 — கேசிங், பவர் சப்ளையுடன் — 118.00
பிப்ரவரி 6 — மதர்போர்டு — 190.00
பிப்ரவரி 9 — பிராசசர் — 395.00
பிப்ரவரி 12 — ராம், எட்டு மெகாபைட் — 380.00
பிப்ரவரி 13 — வீடியோ கார்டு — 95.00
பிப்ரவரி 14 — ஹார்ட் டிஸ்க் — 485.00
பிப்ரவரி 27 — மானிட்டர் — 540.00
பிப்ரவரி 27 — கீபோர்டு — 27.50
மொத்தம் — 2,230.50

தொகைகள் மலேசிய வெள்ளியில், அதாவது ரிங்கிட்டில். 14ஆம் தேதிக்கும் 27ஆம் தேதிக்கும் நடுவில் ஒன்றும் வாங்காததற்குக் காரணம், அந்த ஆண்டு சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்த நாள்களில் வந்து கடைகள் மூடிக் கிடந்ததுதான். மற்றபடி கணக்கு சரி. ஆறு கடைகளில் வாங்கிய இந்த எட்டுப் பொருள்களும் ஒன்றோடொன்று சேரவில்லை என்பது மட்டும்தான் குறை.

வாங்கியவர் சிவசம்பு. 1927இல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். சிவசம்பு 1947இல் ரயில்வே பண்டகசாலையில் கிளார்க்காகச் சேர்ந்து, 1982இல் தலைமை ஸ்டோர்கீப்பராக ஓய்வு பெற்றார். அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு துடைப்பம்கூட மூன்று கொட்டேஷன் இல்லாமல் உள்ளே வந்ததில்லை என்று சொல்வார். வீட்டுக்கு மீன் வாங்கவும் பாசாரில் மூன்று கடையில் விலை கேட்டுவிட்டுத்தான் பையை நீட்டுவார். மூன்றாவது கடைக்காரர் விலை சொல்வதற்குள் முதல் கடையில் மீன் தீர்ந்துபோன நாள்களும் உண்டு.

1977 முதல் அவர் பிரிக்பீல்ட்ஸ் மரண சகாய நிதிச் சங்கத்தின் செயலாளர். உறுப்பினர் 287 பேர். ஒருவர் இறந்தால், பிரேதம் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன் சங்கத்தின் பண உறை உரியவர் கையில் இருக்க வேண்டும். சிவசம்பு காலத்தில் ஒரு முறைகூட அது பிந்தியதில்லை. கிள்ளானில் இருக்கும் நான் அச்சங்கத்தின் கணக்காய்வாளர். என் பெயர் பெரியகருப்பன்; அவர் ‘செட்டியார்’ என்றுதான் கூப்பிடுவார்.

ஜனவரி 7ஆம் தேதி செயற்குழுவில், சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று பொருளாளர் யோகநாதன் பேச்செடுத்தார். அவருக்கு ஐம்பத்தொரு வயது, வங்கி அதிகாரி, வசதியானவர்கள் வாழும் பங்சாரில் வீடு. வங்கியில் கழித்த பிரிண்டர் ஒன்றை முன்கூட்டியே சங்கத்துக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

“அண்ணை, பெட்டியோடை வரும். செருகினால் வேலை செய்யும். ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்.”

“தம்பி, நான் ரயில் எஞ்சினுக்குச் சாமான் வாங்கினவன். முழுசா வாங்கினால் ஒரு விலை, பிரிச்சு வாங்கினால் ஒரு விலை. மூவாயிரத்துக்கு மேலை போகாமல் நானே கட்டித் தாறன்.”

“நீங்கள் எஞ்சின் கட்டினனீங்களோ?”

“கட்டினவைக்குச் சாமான் குடுத்தனான்.”

யோகநாதன் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். சிவசம்புவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“இந்த வருஷப் பொதுக்கூட்ட அறிவித்தல் நான் கட்டுற மெஷினிலைதான் அச்சடிச்சுப் போகும். போகாட்டி செயலாளர் கதிரை உமக்கு. செட்டியார், எழுதிக்கொள்ளுங்கோ.”

செயலாளர் நாற்காலியே பந்தயம் என்று நான் எழுதிக்கொண்டேன். பொதுக்கூட்டம் ஏப்ரல் 28. அறிவிப்பு இருபத்தொரு நாளுக்கு முன் தபாலில் சேர வேண்டும் என்பது விதி. ஆகவே கெடு ஏப்ரல் 6, சனிக்கிழமை நண்பகல், பிரிக்பீல்ட்ஸ் தபால் நிலையம்.

அன்று மாலை அவர் வீட்டில் தேநீர் குடித்தேன். விஷயத்தைக் கேட்ட அவர் மனைவி பூரணம் கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“அந்தக் கதிரை போனால் இவர் பகல் முழுக்க வீட்டிலை இருப்பார், செட்டியார். காலமை ஒருக்கால் சீனி டின்னைத் திறந்து எவ்வளவு இருக்கு எண்டு பார்ப்பார். பின்னேரம் ஒருக்கால் பார்ப்பார். நான் எங்கை போறது?”

 ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் ‘காலமானார்’ பத்திக்கு மாற்றும் வேலையைச் சிவசம்புவே பல முறை செய்திருக்கிறார். அந்தப் பதவி தமக்கு என்ன என்பது அவருக்குத் தெரியும்.

மறுவாரம் பதினொரு கடைகளுக்கு டெண்டர் கடிதம் போயிற்று. நிபந்தனைகள் இரண்டு பக்கம். விலை தொண்ணூறு நாள் மாறக்கூடாது. ஒவ்வொரு பொருளுக்கும் தனி உறை. கொடுக்கும் பொருள் எந்தக் கம்பெனியுடையது, எந்த ரகம் என்பதைச் சங்கம் கேட்காது. ஏனென்றால் ரகத்தைக் குறிப்பிட்டால் ஒரு வியாபாரிக்குச் சாதகம் செய்வதாகும் என்பது பண்டகசாலையில் அவர் படித்த முதல் பாடம். ஆகவே ‘மதர்போர்டு, கம்ப்யூட்டருக்கு உரியது, ஒன்று’ என்றும், ‘பிராசசர், கம்ப்யூட்டருக்கு உரியது, ஒன்று’ என்றும் எழுதினார். மேசை, நாற்காலி வாங்குவதுபோலத்தான்.

கோலாலம்பூர்க் கடைக்காரர் ஒருவர், வாக்கியத்துக்கு ஒரு ‘லா’ சேர்க்கும் மலேசியப் பேச்சில், தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அங்கிள், ராம் விலை காலையில ஒன்னு, சாயங்காலம் ஒன்னு. தொண்ணூறு நாளைக்கு எப்படி லா சொல்றது?”

“நெல்லு விலையும் அப்பிடித்தான் மாறும். நாங்கள் சோறு தின்னாமல் இருக்கிறமோ?” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

ஜனவரி 31 நண்பகல் டெண்டர் திறக்கப்பட்டது. பெட்டி, மூடியில் பிளவு வெட்டிய பிஸ்கட் டின். சாட்சிகள் நானும் பூரணமும். கிள்ளானிலிருந்து வந்த ஒரே உறையில் சந்திரகலா என்ற கடைக்காரப் பெண் நீல மையில் ஒரு வரிதான் எழுதியிருந்தார்: ‘எல்லாம் ஒரே இடத்தில் வாங்கினால்தான் விலை சொல்வேன், தனித்தனியாக வாங்கினால் சேராது.’

“பொல்லாத பொம்பிளை. முழு ஓர்டரும் தனக்கே வேணுமாம்” என்றார் சிவசம்பு. ‘நிபந்தனைக்கு ஒவ்வாதது, நிராகரிக்கப்பட்டது’ என்று உறையின் மேல் சிவப்பு மையில் எழுதினார். மற்ற உறைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் எது குறைந்த விலையோ அதை எடுத்தார். அப்படி வாங்கியவைதாம் மேலே உள்ள எட்டும்.

மார்ச் 2ஆம் தேதி கம்ப்யூட்டர் கட்டுவதைப் பார்க்க என்னை அழைத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் வெள்ளை விரிப்பு போட்டு, எட்டுப் பொருள்களையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் எண் எழுதிய அட்டை வைத்திருந்தார். பூரணம் ஒரு வாரமாக அடுக்களையில் நின்றபடியே சாப்பிடுவதாகச் சொன்னார்.

முதலில் பிராசசரை எடுத்து மதர்போர்டின் நடுவில் உள்ள குழியில் வைத்தார். பிராசசர் குழியைவிடப் பெரிதாக இருந்தது. திருப்பி வைத்தார். அப்போதும் பெரிதாகவே இருந்தது.

“குழி சுருங்கிப்போச்சோ?” என்றார் பூரணம்.

“பேசாமல் இரும்.”

அடுத்து ராம். எட்டு மெகாபைட் கேட்டதற்கு, ஒவ்வொரு மெகாபைட்டாக எட்டுச் சிறு பட்டைகள் வந்திருந்தன. போர்டில் இருந்ததோ இரண்டு நீண்ட இடங்கள். பட்டையை வைத்தால் இருபக்கமும் ஆடிற்று. வீடியோ கார்டுக்கு இடமே இல்லை. இருந்த இடங்களெல்லாம் வேறு அளவு.

சிவசம்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “செட்டியார், மூன்றுக்கு எட்டு இஞ்சுப் போல்ட்டை எந்த ஊரிலை வாங்கினாலும் மூன்றுக்கு எட்டு நட்டிலை ஏறும். அதுதான் சாமான் எண்டதுக்கு அர்த்தம். இவங்கள் என்ன சாமான் செய்யிறாங்கள்?”

மாதம் முழுக்க அந்த ஆறு கடைகளுக்கும் எழுதினார். பதில் எழுதியவர்களும் தொலைபேசியில் பேசியவர்களும் ஒன்றையே சொன்னார்கள்: நீங்கள் கேட்டது மதர்போர்டு, கொடுத்தது மதர்போர்டு. நான் டெண்டர் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னதில் பிழையில்லை.

ஒரு சனிக்கிழமை யோகநாதன் வந்து மேசையைச் சுற்றி நடந்து பார்த்தார்.  கூடத்து மூலையில் செயலாளர் பைல்களோடு கிடந்த நாற்காலியைக் கொஞ்சம் நேரம் பார்த்தார்.

“என்ன தம்பி, கதிரைக்கு அளவெடுக்கிறீரோ?”

“இல்லை அண்ணை. மெத்தை கிழிஞ்சிருக்கு. மாத்த வேண்டிவரும் எண்டு பார்த்தனான்.”

அவர் போனபின் சிவசம்பு இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பூரணம் பிறகு சொன்னார். பூரணம் முடிவெடுத்தது அன்றைக்குத்தான். அதற்கடுத்த வியாழக்கிழமை, மார்ச் 28 அன்று, கேசிங்கையும் மானிட்டரையும் தவிர எல்லாவற்றையும் இரண்டு மார்க்கெட் கூடைகளில் துணி சுற்றி வைத்து, சிவப்பு மையில் நிராகரித்த அந்த உறையையும் மேலே வைத்து, கணவரை எழுப்பிக் கோமுட்டர் புறநகர் ரயிலில் கிள்ளானுக்குக் கூட்டிவந்துவிட்டார். ரயில் நிலையத்துக்கு நானும் போனேன்.

சந்திரகலாவுக்கு நாற்பது வயது இருக்கும். கடை சிறியது, சுவர் முழுக்கப் பெட்டிகள். கூடையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தவர், உறையில் இருந்த சிவப்பு எழுத்தையும் படித்தார்.

“ஓ, நீங்கதானா அந்த டெண்டர் அங்கிள்! என்னைத் தள்ளிட்டீங்களே.”

“நிபந்தனைப்படி நீர் விலை எழுதேல்லை.”

“அங்கிள், உங்க போர்டு ஃபோர் எய்ட்டி சிக்ஸ். உங்க பிராசசர் பென்டியம். யானைக்குட்டியை ஆட்டுக் கொட்டாயில கட்டுற மாதிரி. எந்த ரகம்னு நீங்க எழுதவே இல்லையே?”

“ரகம் எழுதினால் பாரபட்சம்.”

“கம்பெனி பேர் எழுத வேணாம் லா. சாக்கெட் நம்பர் எழுதுங்க. இந்தப் பிராசசருக்குச் சாக்கெட் ஏழு. அது எந்தக் கம்பெனி போர்டா இருந்தாலும் சாக்கெட் ஏழுன்னா சாக்கெட் ஏழுதான்.”

சிவசம்பு நிமிர்ந்தார். அந்த மாதத்தில் முதல் தடவையாக அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

“அப்ப அது மூன்றுக்கு எட்டுப் போல!”

“எதுபோலயோ அங்கிள், அதுபோலத்தான். ராமுக்கு எழுபத்திரண்டு பின், ரெண்டு ரெண்டா ஜோடியாப் போடணும். வீடியோ கார்டு, பிராசசர், ஹார்ட் டிஸ்க் எல்லாம் நல்லா இருக்கு, அதை மாத்த வேணாம். போர்டையும் ராமையும் மாத்தினாப் போதும். ஆமா, பிளாப்பி டிரைவ் எங்க?”

“அது என்ன?”

சந்திரகலா பூரணத்தைப் பார்த்தார். பூரணம் கூரையைப் பார்த்தார்.

சிவசம்பு பையிலிருந்து பேனாவை எடுத்துச் சாக்கெட் ஏழு, எழுபத்திரண்டு பின், பிளாப்பி டிரைவ் என்று எழுதிக்கொண்டு எழுந்தார். “மிச்சம் சந்தோஷம், பிள்ளை. இனிச் சரியான ஸ்பெசிபிகேஷன் எழுதலாம். நாளைக்கே மறுடெண்டர் கூப்பிடுறன்.”

“எத்தினை நாள் டெண்டர்?” என்று கேட்டார் பூரணம்.

“இருபத்தொரு நாள்.”

“அறிவித்தலுக்கு ஒன்பது நாள்தான் கிடக்குது. யோகநாதன் மெத்தை தைக்கக் குடுத்திட்டானாம்.”

சிவசம்பு மறுபடி உட்கார்ந்தார். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. விதியைக் காப்பாற்றினால் பதவி போகும். பதவியைக் காப்பாற்றினால் விதி போகும்.

சந்திரகலா மேசை இழுப்பறையைத் திறந்தார். “மூணு கொட்டேஷன்தானே அங்கிள் வேணும்? இதுக்கா இவ்வளவு யோசனை! என் கடை பேர்ல ஒன்னு, என் தம்பி கடை பேர்ல ஒன்னு, எங்க அம்மா பேர்ல ஒரு கம்பெனி இருக்கு, அதுல ஒன்னு. இப்பவே அடிச்சுத் தரேன். எது குறைஞ்ச விலையா இருக்கணும், அதை மட்டும் சொல்லுங்க.”

மூன்று கடிதத்தாள்களை விசிறிபோல விரித்துப் பிடித்தார். மூன்றிலும் ஒரே முகவரி.

சிவசம்பு அந்த முகவரிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். “பிள்ளை, எல்லாரும் இப்பிடித்தான் வாங்குறவையோ?”

“இது இல்லாம யாரு லா வாங்குறா?”

சிவசம்பு மூன்று தாள்களையும் மேசையில் கவிழ்த்து வைத்தார். முப்பத்தைந்து ஆண்டுகளில் தாம் வாங்கிய கொட்டேஷன்களை மூன்று மூன்றாக நினைத்துப் பார்த்தார் என்று தோன்றியது. பிறகு, “எனக்கு ஒண்டு போதும். உம்முடைய பேரிலை, உண்மையான விலை” என்றார். என் பக்கம் திரும்பினார். “செட்டியார், நீங்கள் பக்கத்திலை நிண்டு பார்த்தனீங்கள். கணக்காய்வு ஓடிட்டிலை இதைக் கேளுங்கோ. பார்த்தவர் கேளாமல் விடப்படாது.”

பழைய போர்டையும் ராமையும் எடுத்துக்கொண்டு, புதிய போர்டு, ராம், பிளாப்பி டிரைவ் மூன்றுக்குமாகச் சந்திரகலா மேலே 450 வெள்ளி வாங்கினார். வேண்டிய புரோகிராம்களை ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக் கொடுத்தார். கேசிங்கில் பொருத்தி ஸ்குரூ முடுக்குவதை மட்டும் தாமே வீட்டில் செய்வதாகச் சிவசம்பு பிடிவாதமாகச் சொன்னார். பவர் சப்ளையின் இரண்டு பிளக்குகளிலும் உள்ள கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், மாற்றிச் செருகினால் போர்டு எரிந்துவிடும் என்று சந்திரகலா நான்கு தடவை சொல்லி அனுப்பினார்.

மார்ச் 30 காலை வீட்டில் கட்டி முடித்தார். சுவிட்ச் போடுவதற்கு முன் பூரணம் குளிர்சாதனப் பெட்டியின் வயரைக் கழற்றினார், ரேடியோவைக் கழற்றினார், பக்கத்து வீட்டுக்காரியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். சிவசம்பு ரப்பர்ச் செருப்பு போட்டுக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பியபடி சுவிட்சைத் தட்டினார். ‘பீப்’ என்று ஒரு சத்தம். திரையில் வெள்ளை எழுத்து ஓடிற்று.

“எண்ணிப் பாக்குது!” என்று கத்தினார். ராமைத்தான் அது எண்ணிக்கொண்டிருந்தது. முடிக்கும்வரை அவரும் கூடவே நின்றார். “சரியா எட்டு மெகாபைட். வாங்கினதைத் தானே சரிபார்க்குது, செட்டியார். இது நல்ல மெஷின்.”

287 அறிவிப்புகளும் ஏப்ரல் 6 நண்பகலுக்கு முன் தபாலில் சேர்ந்தன. யோகநாதன் தபால் நிலையத்துக்கு வந்து கை கொடுத்தார். அதோடு முடிந்திருக்கலாம்.

ஏப்ரல் 28 பொதுக்கூட்டத்தில் என் கணக்காய்வு அறிக்கையைப் படிப்பது செயலாளர் கடமை. சிவசம்பு எழுந்து கணீரென்று படித்தார்: ‘மார்ச் 28இல் 450 வெள்ளிக்கு ஒரே கொட்டேஷனில் சாமான் வாங்கியுள்ளார் செயலாளர். இது கொள்முதல் விதிக்கு மாறானது. விளக்கம் தேவை.’ படித்து முடித்து, தாளை மடித்து, “செயலாளர் செய்தது பிழை. அவர் மேலை விசாரணை வைக்க வேணும்” என்றார்.

பின்வரிசையிலிருந்து அய்யாவு என்ற உறுப்பினர் எழுந்தார். “அண்ணே, கம்ப்யூட்டர் ஓடுதா?”

“ஓடுது.”

“அப்புறம் யாரு மேல லா விசாரணை?”

“என் மேலை.”

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. விசாரணையில் இருக்கும் அலுவலர் பதவியில் இருக்கக்கூடாது என்பது விதி என்றும், முடிவு தெரியும்வரை யோகநாதன் செயலாளர் பொறுப்பைப் பார்க்க வேண்டும் என்றும் அவரே முன்மொழிந்தார். விசாரணையையும் பொறுப்புச் செயலாளரே நடத்த வேண்டும் என்பதும் விதிதான். பூரணம் முதல் வரிசையில் தலையில் கைவைத்துக்கொண்டார்.

விசாரணை நடந்த விதம் இது. கம்ப்யூட்டர் சிவசம்பு வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அதை இயக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே சனிக்கிழமை தோறும் யோகநாதன் அங்கே போய்க் குற்றச்சாட்டுக் கடிதத்தைச் சொல்லச் சொல்ல, சிவசம்பு தம்மீதான குற்றச்சாட்டைத் தாமே தட்டச்சு செய்தார்.

“‘தயவுசெய்து’ எண்டு போடாதையும் தம்பி. குற்றவாளிக்கு என்ன தயவு?”

“எனக்குக் கூச்சமாயிருக்குது அண்ணை.”

“தள்ளும். நான் எழுதுறன்.”

அந்தக் கடிதம் என் கோப்பில் இருக்கிறது. மிகக் கடுமையான கடிதம். யோகநாதன் கையெழுத்துப் போடத் தயங்கியபோது, பூரணம் வாய்ப்பன் பலகாரமும் பிளேன் டீயும் வைத்து, “போடும் தம்பி, இல்லாட்டி இண்டைக்கு முழுக்க இதே கதைதான்” என்றாராம். அது பதிவுத் தபாலில் போய், தட்டச்சு செய்யப்பட்ட அதே மேசைக்கே மே 7ஆம் தேதி திரும்பி வந்தது. விளக்கக் கடிதமும் அப்படியே போயிற்று.

மே 16 அதிகாலை ஓர் உறுப்பினர் காலமானார். உறையைக் கொண்டுபோவது இப்போது பொறுப்புச் செயலாளர் வேலை. யோகநாதன் வங்கியிலிருந்து டாக்சியில் ஓடினார். அந்த வீட்டில் யாரையும் அவருக்குத் தெரியாது. வாசலில் அதிகமாக அழுதுகொண்டிருந்தவர் கையில் உறையைக் கொடுத்து, தோளைத் தடவி ஆறுதலும் சொல்லிவிட்டு வந்தார். அழுதவர் மூன்றாம் வீட்டுக்காரர். எந்த மரண வீட்டிலும் அப்படித்தான் அழுவார். நல்ல மனிதர், உறையைத் திருப்பித் தர முன்வந்தார். ஆனால் அவர் யோகநாதனின் வீட்டுக்குத் தொலைபேசி செய்து, யோகநாதன் திரும்பிப் போய், இறந்தவரின் மனைவியைத் தேடிக் கொடுப்பதற்குள் பிரேத வண்டி கிளம்ப இருந்தது. டிரைவரைப் பேச்சில் நிறுத்திவைத்தவர் சிவசம்பு. பதவி இல்லாததால் அவர் வெறும் துக்கம் விசாரிக்க வந்தவராக நின்றிருந்தார்.

மே 25 சனிக்கிழமை யோகநாதன் குடையை மடக்காமலே உள்ளே வந்தார்.

“விசாரணையை முடிப்பம் அண்ணை.”

“என்ரை விளக்கத்தை நீர் இன்னும் வாசிக்கேல்லை.”

“நீங்கள் அடிக்கேக்கை பக்கத்திலை இருந்து வாய்ப்பன் திண்டவன் ஆர்? விளக்கம் திருப்தி. இனி இப்பிடிச் செய்யப்படாது. செயலாளர் பொறுப்பைத் திரும்ப எடுங்கோ. அவ்வளவுதான், அடியுங்கோ.”

சிவசம்பு அடித்தார். ‘இனி இவ்வாறு நிகழின் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று ஒரு வரியைத் தாமாகச் சேர்த்தார். யோகநாதன் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடிதத்தை அங்கேயே அவர் கையில் நீட்டினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பதிவுத் தபாலிலை வரட்டும்.”

“இப்பிடி வீட்டிலை நிண்டு கொல்லாதையுங்கோ, அதை வாங்குங்கோ” என்றார் பூரணம். அவர் வாங்கவில்லை.

அதற்குள் தபால் நிலையம் மூடிவிட்டது. யோகநாதன் திங்கட்கிழமை மதிய உணவு நேரத்தில் வரிசையில் நின்று அனுப்பினார். சிவசம்பு அந்த நாள்களில் செயலாளர் நாற்காலியின் பக்கம் போகவில்லை, பைல்களைத் தொடவில்லை, சீனி டின்னை மட்டும் பார்த்தார். தபால்காரர் கொண்டுவந்த ரசீதில் கையெழுத்திட்டு அவர் கடிதத்தைப் பெற்றுக்கொண்டது 1996 மே 29, புதன்கிழமை.